ஒரே ஆளுக்கு ரெண்டு பேர்... ஏமாந்துபோன கம்பைலர்!

மொத்தமே 12 எண்கள்தான். மூன்று நிரை, நான்கு நிரல். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'அணிகள்' என்று ஒரு பாடம் வருமே, அதே சமாசாரம். கடைசி நிரலில் பெரிய எண் இருக்கும் நிரையை மேலே கொண்டுவர வேண்டும், சின்ன எண் இருப்பதைக் கீழே தள்ள வேண்டும். பேப்பரும் பென்சிலும் கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட இரண்டு நிமிடத்தில் போட்டுவிடும்.

கம்ப்யூட்டர் தப்பாகப் போட்டது.

அதிலும் ஒரு விசித்திரம். புரோகிராமைச் சாதாரணமாக ஓடவிட்டால் விடை சரி. 'வேகமாக ஓடுகிற மாதிரி தயார் செய்து கொடு' என்று கேட்டு ஓடவிட்டால் விடை தப்பு. இரண்டுக்கும் நடுவில் யாரும் ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. 2018 செப்டம்பரில் இந்த விவகாரம் 'ரஸ்ட்' என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்குபவர்களிடம் புகாராகப் போனது. 54462 என்று ஒரு நம்பர் போட்டு விசாரணையை ஆரம்பித்தார்கள். முடிய கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆயிற்று.

புரோகிராமர்கள் எழுதுவதை சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருகிற மென்பொருளுக்குப் பெயர் கம்பைலர். வரிக்கு வரி அப்படியே மாற்றித் தருகிற ஆள் இல்லை அது. கல்யாணச் சமையலில் பழுத்த மாஸ்டர் மாதிரி. 'சாம்பாருக்கு வெங்காயம் நறுக்கு, பொரியலுக்கு வெங்காயம் நறுக்கு, குருமாவுக்கு வெங்காயம் நறுக்கு' என்று லிஸ்ட் கொடுத்தால், அவர் மொத்தமாக ஒரே தடவை நறுக்கி வைத்துக்கொள்வார். ருசி மாறாது, நேரம் மிச்சம். கம்பைலர் செய்யும் இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு 'ஆப்டிமைசேஷன்' என்று பெயர். இதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: ருசி மாறக் கூடாது. விடை மாறினால் அது ஆப்டிமைசேஷன் இல்லை, பக்.

ரஸ்ட் கம்பைலர் தனியாக நிற்பதும் இல்லை. அதற்கு அடியில் 'எல்எல்விஎம்' என்ற அஸ்திவாரம் இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும், பேராசிரியர் விக்ரம் அட்வேயும் 2000-ம் ஆண்டில் தொடங்கிய வேலை அது. ஐபோன் ஆப்களைத் தயாரிக்கும் ஆப்பிளின் கருவி, ஆண்ட்ராய்டு சிஸ்டத்தைத் தயாரிக்கும் கம்பைலர் எல்லாம் நிற்பது இதே அஸ்திவாரத்தின் மேல்தான். ஆக, கையில் இருக்கும் போன் எந்த கம்பெனியுடையதாக இருந்தாலும், அதற்குள் எல்எல்விஎம் கைபட்ட கட்டளைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே ஒரு விரிசல் என்றால் சும்மா விட முடியுமா?

விரிசல் எங்கே என்று பார்க்க, 'ஆர்கியுமென்ட்' என்றால் என்ன என்று தெரிய வேண்டும். பெரிய புரோகிராமைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து எழுதுவார்கள். ஒவ்வொரு வேலையும் ஒரு ஃபங்ஷன். அந்த வேலைக்குக் கொடுத்து அனுப்பும் பொருள் ஆர்கியுமென்ட். பல நேரம் பொருளையே தூக்கிக் கொடுப்பதில்லை. 'மெமரியில் இன்ன இடத்தில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்' என்று விலாசத்தை மட்டும் எழுதிக் கொடுப்பார்கள்.

இரண்டு விலாசம் கொடுத்தால் அங்கேதான் வம்பு. இரண்டும் ஒரே வீடாக இருந்தால்?

நம் ஊரில் பாதிப் பேருக்கு வீட்டில் ஒரு பெயர், ரிஜிஸ்டரில் ஒரு பெயர். 'பாபுவுக்கு மொட்டை போடுங்கள். வெங்கடேசனுக்குத் தலை வாரி விடுங்கள்' என்று வெளியூர்க்காரர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போனால், அவர் இரண்டு பையன்கள் என்று நினைத்துக்கொள்வார். எந்த வேலையை முதலில் செய்தால் என்ன என்று இருப்பார். பாபு என்கிற வெங்கடேசன் ஒரே பையன் என்றால், மொட்டை போட்ட பிறகு எதை வாருவது? வரிசையை மாற்றினாலும் சிக்கல், மாற்றாவிட்டாலும் சிரிப்பு. ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் இருக்கும் இந்த நிலையைக் கம்ப்யூட்டர்காரர்கள் 'ஏலியாஸிங்' என்பார்கள்.

இந்தச் சந்தேகம் இருக்கிற வரை கம்பைலரால் வேகம் காட்ட முடியாது. மளிகைக் கடைப் பையன் ஒருவனிடம், 'பலகையில் இருக்கும் விலையைப் பார்த்து இந்த நோட்டில் கூட்டு; மறுபடி பலகையைப் பார்த்து அந்த நோட்டில் கூட்டு' என்று சொன்னால், புத்திசாலிப் பையன் ஒரே தடவை பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்வான். ஆனால், 'நோட்டு' என்று சொன்னது அந்தப் பலகையையேதான் என்றால், முதல் கூட்டலிலேயே விலை மாறிப்போயிருக்கும். அந்த பயம் இருந்தால் ஒவ்வொரு தடவையும் தலையை நிமிர்த்திப் பார்த்துத்தான் ஆக வேண்டும். சிப்புக்கு இது சாதாரண அலைச்சல் இல்லை. மெயின் மெமரிவரை போய்வர நூறு நானோ விநாடி அளவுக்கு ஆகிவிடும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால், அதற்குள் சிப் நூற்றுக்கணக்கான சின்னக் கணக்குகளை முடித்திருக்கும்.

இந்தத் தலைவலிக்கு வயது அறுபதுக்கு மேல். 1957-ல் ஜான் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி, விஞ்ஞானிகளின் செல்லப்பிள்ளையாக வளர்ந்தது. அந்த மொழி ஒரு விதியை வைத்துக்கொண்டது: ஒரே இடத்தை இரண்டு ஆர்கியுமென்டாகக் கொடுத்துவிட்டு, அதில் மாற்றி எழுதக் கூடாது. மீறினால் வருகிற விடைக்கு மொழி பொறுப்பில்லை. கறாரான விதிதான். ஆனால், கம்பைலர் தைரியமாக வேகம் பிடித்தது. 1970-களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய 'சி' மொழியில் இப்படிப்பட்ட விதி கிடையாது. எந்த விலாசமும் எங்கேயும் காட்டலாம். அதனால் சி கம்பைலர் எப்போதும் சந்தேகப் பிராணி.

1980-களில் 'சி' மொழிக்கு அதிகாரபூர்வ இலக்கணம் எழுத உட்கார்ந்த அமெரிக்கக் குழு, 'நோஏலியாஸ்' என்று ஒரு வார்த்தையைச் சேர்க்கப் பார்த்தது. 'இந்த இரண்டும் வேறு வேறு இடம்' என்று புரோகிராமர் சத்தியம் செய்து கொடுப்பதற்கான வார்த்தை. 1988-ல் ரிட்சி கடுமையாக எதிர்த்துக் குழுவுக்கு எழுதினார். பெற்றவரே வேண்டாம் என்ற பிறகு என்ன செய்வது? எடுத்துவிட்டார்கள். பிறகு, இன்னும் ஒழுங்காக வரையறுக்கப்பட்டு 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற பெயரில் 1999-ம் ஆண்டு இலக்கணத்தில் அது உள்ளே வந்தது.

சத்தியம் செய்தவரே அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2010-ல் நடந்த கூத்து ஒன்று போதும். ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் வெளியீட்டில் அடோபியின் 64-பிட் ஃப்ளாஷ் பிளேயர் திடீரென்று கரகரவென்று பாட ஆரம்பித்தது. ஃப்ளாஷ் மாறவில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே களத்தில் இறங்கித் துருவினார். ஓர் இடத்தில் இருப்பதை இன்னோர் இடத்துக்குப் பிரதி எடுக்கும் 'மெம்காப்பி' என்ற ஃபங்ஷன்தான் காரணம் என்று தெரிந்தது. இரண்டு இடமும் ஒன்றின் மேல் ஒன்று படியக் கூடாது என்பது அதன் விதி. ஃப்ளாஷ் அந்த விதியை மீறியபடியே ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கமிருந்து பிரதி எடுத்தவரை தப்பித்தது. வேகத்துக்காகச் சில இன்டெல் சிப்களில் பின்பக்கமிருந்து எடுக்க ஆரம்பித்ததும் மாட்டிக்கொண்டது. பஸ்ஸில் ஒரு வரிசையில் எல்லோரும் இடதுபக்கம் ஒரு சீட் தள்ளி உட்கார வேண்டும் என்றால், இடது ஓரத்து ஆள்தான் முதலில் நகர வேண்டும். வலது ஓரத்து ஆள் முதலில் நகர்ந்தால் பக்கத்து ஆளின் மடியில்தான் உட்காருவார். மனிதர் என்றால் கத்துவார். மெமரியில் இருக்கும் எண் சத்தமில்லாமல் அழிந்துவிடும். கடைசியில், பழைய புரோகிராம்களுக்குப் பழைய பாதுகாப்பான வழி, புதிதாகத் தயாராகும் புரோகிராம்களுக்குப் புது வழி என்று 2011-ல் சமரசம் செய்தார்கள்.

அந்தக் கதையில் தப்பு, விதியை மீறியவர் மேல். ரஸ்ட் கதை அப்படி இல்லை. அதனால்தான் அது இன்னும் சுவாரஸ்யம்.

2015-ல் முதல் முழு வெளியீட்டைக் கண்ட ரஸ்ட், புரோகிராமரின் வாய்ச் சத்தியத்தை நம்புகிற மொழி இல்லை. ஒரு பொருளை மாற்றுகிற உரிமை ஒருவரிடம் இருக்கும்போது, வேறு யாரும் அதைத் தொடக் கூடாது, பார்க்கவும் கூடாது. இதைக் கம்பைலரே வரி வரியாகச் சோதித்து, மீறினால் புரோகிராமைத் தயாரித்துத் தரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆக, ரஸ்ட் ஃபங்ஷனுக்குள் மாற்றும் உரிமையோடு போகிற ஆர்கியுமென்ட்கள் நிச்சயமாக வேறு வேறு இடங்கள். சோதித்துப் பார்த்த சத்தியம்! இதை அஸ்திவாரத்திடம் சொன்னால் வேகம் கூடுமே என்று, ஒவ்வொரு ஃபங்ஷனிலும் 'நோஏலியாஸ்' முத்திரை குத்தி எல்எல்விஎம்மிடம் அனுப்பினார்கள். ஆரம்ப காலத்திலேயே ஒருமுறை செய்து, தகராறு வந்து நிறுத்தியிருந்தார்கள். 2018-ல் இப்போது சரியாகியிருக்கும் என்று திரும்ப ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அந்த 12 எண்கள்.

சத்தியம் உண்மை. அப்படியும் விடை தப்பு. எப்படி?

அடுத்து நடந்த விசாரணையில் புரோகிராமைச் சுருக்கிக்கொண்டே போனார்கள். கடைசியில், இரண்டே எண்களும் மூன்று சுற்றும் உள்ள குட்டிப் புரோகிராம் ஒன்று கையில் நின்றது. அதை வீட்டில் இரண்டு சிலேட்டை வைத்துக்கொண்டு செய்து பார்க்கலாம்.

சிவப்புச் சட்டம் போட்ட சிலேட்டில் 10. பச்சைச் சட்டம் போட்டதில் 20. வேலை இதுதான்: முதல் சிலேட்டில் இருப்பதைப் பார்த்து இரண்டாவதில் எழுது, பிறகு முதல் சிலேட்டை அழித்து 7 என்று எழுது. முதலும் இரண்டாவதும் ஒரே சிலேட்டாக இருக்காது என்று சத்தியம்.

முதல் சுற்றில் 'முதல் சிலேட்டு' சிவப்பு, 'இரண்டாவது' பச்சை. முடிவில் பச்சையில் 10, சிவப்பில் 7. இரண்டாம் சுற்றில் இடம் மாறுகிறது: முதல் சிலேட்டு பச்சை, இரண்டாவது சிவப்பு. முடிவில் சிவப்பில் 10, பச்சையில் 7. மூன்றாம் சுற்றில் திரும்பவும் முதல் சிலேட்டு சிவப்பு, இரண்டாவது பச்சை. முடிவில் பச்சையில் 10, சிவப்பில் 7. எந்தச் சுற்றிலும் இரண்டும் ஒரே சிலேட்டு இல்லை. சத்தியம் மூன்று முறையும் காப்பாற்றப்பட்டது.

இப்போது கம்பைலரின் கண்ணால் பார்க்க வேண்டும். சுற்றைச் சுற்றாக வைத்திருந்தால் நேரம் வீண் என்று, அந்த வேலையை மூன்று தடவை அடுத்தடுத்து எழுதிப் பிரித்துப் போட்டுக்கொள்கிறது. சுற்றைப் பிரித்துப் போடுவது பழைய, நல்ல தந்திரம். பிரிக்கும்போது சத்தியச் சீட்டையும் மூன்று பிரதி எடுக்கிறது. சீட்டில் 'எண் 5: முதலும் இரண்டாவதும் வேறு' என்று இருந்தால், மூன்று பிரதியிலும் அதே எண் 5. முடிந்தது கதை! 'எண் 5-ல் வரும் எந்த முதலும், எண் 5-ல் வரும் எந்த இரண்டாவதும் வேறு' என்று கம்பைலர் படித்துக்கொள்கிறது. ஒரு சுற்றுக்குள் செல்லுபடியாகிற சத்தியம், சுற்று விட்டுச் சுற்றும் செல்லும் என்று ஆகிவிட்டது. முதல் சுற்றின் 'முதல்' சிவப்பு. இரண்டாம் சுற்றின் 'இரண்டாவது' அதே சிவப்பு. அந்த இரண்டும் வேறு என்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை.

'இரண்டாவது சிலேட்டு' எது என்பது புரோகிராம் ஓடும்போதுதான் தெரியும்படி எழுதப்பட்டிருந்ததால், கம்பைலர் நேரில் பார்த்து உண்மையைத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. சீட்டை நம்பிக் கணக்குப் போடுகிறது: 'சிவப்பில் முதல் சுற்றிலேயே 7 எழுதியாயிற்று. சத்தியப்படி, நடுவில் அதை வேறு யாரும் தொடவில்லை. பிறகு எதற்கு மூன்றாம் சுற்றில் மறுபடி 7? அந்த வரியைத் தூக்கு.' தூக்கினால்? இரண்டாம் சுற்றில் சிவப்பில் எழுதிய 10 அப்படியே நிற்கும். விடை 7, 10 என்று வர வேண்டிய இடத்தில் 10, 10.

எங்கும் எச்சரிக்கை மணி அடிக்காது. புரோகிராம் நின்று போகாது. தப்பான எண் சரியான எண் மாதிரியே முழு நம்பிக்கையோடு வந்து நிற்கும். பக்குகளில் இந்த ஜாதிதான் படுமோசம்.

அந்தக் குட்டிப் புரோகிராமை அப்படியே சி மொழியில், 'ரெஸ்ட்ரிக்ட்' சத்தியம் போட்டு எழுதிப் பார்த்தார்கள். எல்எல்விஎம்மின் சி கம்பைலரான கிளாங்கும் தப்பு விடை தந்தது. சரி, ஒரே அஸ்திவாரம். ஆனால், ஜிசிசியும் தப்பு விடை தந்தது! ஜிசிசி என்பது 1987-லிருந்து இருக்கும் வேறு பரம்பரை. ஒருவர் பேப்பரை ஒருவர் பார்க்காமலே, இரண்டு கெட்டிக்கார மாணவர்கள் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவு நாள் யாரும் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்றால், சி எழுதுபவர்கள் 'ரெஸ்ட்ரிக்ட்' போடுவதே அபூர்வம். போட்டாலும் எண்ணி நாலு இடத்தில், நன்றாக யோசித்துப் போடுவார்கள். நடந்து பழகாத ஒற்றையடிப் பாதையில் குழி இருந்தால் யாருக்குத் தெரியும்? ரஸ்ட் அந்தப் பாதையில் ஊர்வலமே நடத்தியது. எழுதுபவர் கேட்காமலே, ஒவ்வொரு ஃபங்ஷனிலும் முத்திரை. குழி தெரிந்துவிட்டது.

ரஸ்ட் குழு முதலில் செய்தது, முத்திரை குத்துவதை நிறுத்தியது. வேகம் தரும் என்று வருடக்கணக்காகக் காத்திருந்த வசதி அது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கூடியதும்கூட. அதை அப்படியே பூட்டி வைத்தார்கள். இந்தக் கதையிலேயே மிகச் சரியான முடிவு அதுதான். மெதுவான சரியான விடையைத் திட்டுவார்கள், அவ்வளவுதான். வேகமான தப்பு விடை யார் வீட்டுக் கணக்கில் போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது.

ஜிசிசி தரப்பு சீக்கிரமே மருந்து கண்டுபிடித்தது: வேலையைப் பிரதி எடுக்கும்போது சீட்டுக்குப் புது நம்பர் கொடு. முதல் பிரதிக்கு 5, அடுத்ததற்கு 6, அதற்கடுத்ததற்கு 7. ஐந்தின் 'முதலும்' ஆறின் 'இரண்டாவதும்' வேறு என்று இனி யாரும் முடிவு கட்ட முடியாது. கேட்டால், இவ்வளவுதானா என்று தோன்றும். எல்எல்விஎம்மில் அது அத்தனை சுலபமாக இல்லை. சீட்டு எண் மட்டும் இருந்ததே தவிர, அந்தச் சத்தியம் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்ற குறிப்பு எங்கேயும் இல்லை. ஆரம்பம் தெரியாமல், எந்தப் பிரதிக்குப் புது நம்பர் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று எப்படி முடிவு செய்வது? சுற்றுக்கு வெளியே செய்த சத்தியம் என்றால் எல்லாச் சுற்றுக்கும் செல்லத்தானே வேண்டும்.

அதனால், 'இந்தச் சத்தியம் இங்கே ஆரம்பம்' என்று ஒரு மைல்கல்லை நடும் வசதியை எல்எல்விஎம்மில் சேர்த்தார்கள். மைல்கல் சுற்றுக்குள் இருந்தால், ஒவ்வொரு பிரதிக்கும் புது நம்பர். வெளியே இருந்தால் பழைய நம்பரே போதும். 2021-ல் வந்த எல்எல்விஎம் 12-ல் இது சேர்ந்தது. ரஸ்ட் குழு பூட்டைத் திறந்தது. திறந்த கையோடு வேறொரு தப்பு தலைகாட்ட, ஒரு வெளியீடு தள்ளிப்போட்டார்கள். ஒருவழியாக, 2021 ஜூலை 29-ல் வெளியான ரஸ்ட் 1.54-ல் முத்திரை நிரந்தரமாகத் திரும்பி வந்தது. அடுத்த வருடம் டிசம்பரில், லினக்ஸின் 6.1 கெர்னலுக்குள்ளேயே ரஸ்டுக்கு இடம் கொடுத்தார்கள்.

அந்த 12 எண்கள் உள்ள புரோகிராமைத் தூக்கிப் போடவில்லை. 54462 என்ற நம்பரோடு அது ரஸ்ட் கம்பைலரின் சோதனைப் பட்டியலில் இருக்கிறது. கம்பைலரில் யாராவது ஒரு வரியை மாற்ற வந்தால், ஆயிரக்கணக்கான மற்ற சோதனைகளோடு இதுவும் ஓடும். பெரிய எண் மேலே, சின்ன எண் கீழே.